பவானி சங்கரனின் தாய்

1710ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி, பாரிஸ் நகரத்துக் கார்மல் மடத்தில் ஒரு துறவி இறந்தார். 36 ஆண்டுகள் அந்த மடத்தின் சுவருக்குள்ளேயே காலம் கழித்தவர். துறவு பூணுமுன் அவர் பெயர் லூயிஸ் தெ லா வல்லியேர். பிரான்சின் பதினான்காம் லூயி ஊரறிய வைத்திருந்த முதல் ஆசைநாயகி; மன்னனுக்குப் பிள்ளைகள் பெற்றவர். அவன் மனம் வேறொருத்தியிடம் போனபின் அரண்மனையில் இருக்கவும் முடியாமல் வெளியேறவும் அனுமதி கிடைக்காமல் சில ஆண்டுகள் அலைக்கழிந்து, கடைசியில் 1674இல் மடத்துக்குப் போனார்.

அதே 1710ஆம் ஆண்டில் இராமநாதபுரத்தில் இன்னொரு சாவு. மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் சேது நாட்டை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதி காலமானார். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றியவர், அதற்குக் கல்கோட்டை எழுப்பியவர், மதுரை நாயக்கர்களின் மேலாண்மையை உதறித் தள்ளியவர், 1702இல் ராணி மங்கம்மாளின் படையைத் தோற்கடித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அவர் அரண்மனைப் பெண்களின் கதை. அவர்களுள்ளும் ஒருத்தியின் கதை.

கிழவன் இறந்த செய்தியை மறவ நாட்டில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி மார்த்தேன் பாதிரியார் ஒரு கடிதத்தில் விரிவாக எழுதினார். மறைப்பணிக் கடிதத் தொகுதிகளில் அது பாரிஸில் அச்சாகி, ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. ஊருக்கு வெளியே ஆழமாக ஒரு பெருங்குழி வெட்டி, விறகால் நிரப்பி, மன்னரின் உடலை அதன்மேல் கிடத்தினார்கள். அவரோடு எரிந்த பெண்கள் 47 பேர். முதலில் வந்த பெண், மன்னரின் உடல்மேல் இருந்த கட்டாரியை எடுத்து, அடுத்துப் பட்டத்துக்கு வரப்போகிறவர் கையில் கொடுத்து, குடிமக்களின் ரத்தம் இதில் படக்கூடாது என்று புத்தி சொன்னதாகக் கடிதம் சொல்கிறது. சிதையேறப் போகிறவள் ஆளப்போகிறவனுக்கு அரசநீதி சொல்கிறாள். அந்த ஒரு நிமிடம் மட்டும் அதிகாரம் அவளிடம் இருந்தது.

இந்த 47 பேரில் நாச்சியார் பட்டம் பெற்ற உரிமை மனைவியர் இத்தனை பேர், காமக்கிழத்தியர் இத்தனை பேர் என்று பாதிரியார் பிரிக்கவில்லை. எல்லோரையும் பெண்கள் என்றே எழுதினார். அவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் படாமல் இருந்திருக்கலாம். சேது நாட்டு அரியணைக்கு அதுதான் எல்லாம். இறுதிச் சடங்கில் அக்கறை இல்லாத ஒரு கோடு, முடிசூட்டில் உயிர்போகிற கோடாக இருந்தது.

கிழவனுக்கு ஆசைநாயகி ஒருத்தியிடம் பிறந்த மகன் பவானி சங்கரன். தனக்குப்பின் அவனுக்கே பட்டம் கட்டக் கிழவன் விரும்பினார். நாட்டுத் தலைவர்கள் ஒப்பவில்லை. அவன் தாய் செம்பிநாட்டு மறவர் குலத்துப் பெண் அல்ல. அது ஒன்றே காரணம். மதுரை நாயக்கரை எதிர்த்து நின்ற மன்னர் தம் சொந்த ஊர்த் தலைவர்கள் முன்னால் பணிய வேண்டியிருந்தது. உறவினரான திருவுடையத் தேவர், விஜய ரகுநாத சேதுபதி என்ற பெயரில் பட்டத்துக்கு வந்தார். பவானி சங்கரன் ஒதுக்கப்பட்டான்.

அவன் தாயின் பெயரைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். 1868இல் வெளியான நெல்சனின் மதுரை நாட்டு வரலாறு முதல் பிற்காலத்தில் எஸ். எம். கமால் எழுதிய சேதுபதி மன்னர் வரலாறு வரை, பவானி சங்கரனைப் பற்றிப் பேசாத நூல் இல்லை. தாயைப் பற்றி வரும்போது குலம் வேறு என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவள் அழகியா, படித்தவளா, எந்த ஊர்க்காரி, அரண்மனைக்குள் எப்படி வந்தாள் என்பதெல்லாம் வரலாற்றுக்குத் தேவைப்படவில்லை. அவள் யார் அல்ல என்பது மட்டுமே தேவைப்பட்டது.

ஏன் தாயின் குலம் இத்தனை முக்கியம்? தந்தை சேதுபதி, அவர் உயிரோடு இருக்கிறார், மகனைத் தன் மகன் என்று சொல்கிறார். பிறகென்ன என்று இன்றைய வாசகர் கேட்கலாம். இதற்கு விடை மறவர் சமூக அமைப்பில் இருக்கிறது. மறவருள் பல பிரிவுகளில் கொத்து, கிளை என்ற கட்டுமானம் உண்டு. ஒரே கிளைக்குள் திருமணம் கூடாது. அண்ணன் தங்கை முறை ஆகிவிடும். பிள்ளைக்கு அந்தக் கிளை தாய்வழியே வரும். தந்தை ஊரை ஆள்பவராக இருக்கலாம். மகன் யாருக்கு மாமன், யாருக்கு மைத்துனன், யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது தாயின் கிளை. வெளிக்குலத்துப் பெண்ணின் மகனுக்குக் கிளை இல்லை. அவனை மாப்பிள்ளை என்று அழைக்க ஒரு வீடு இல்லை, மருமகனே என்று தோளில் கை போட ஒரு மாமன் இல்லை.

சேதுபதியின் அரசு சம்பளப் படையை மட்டும் நம்பி நடந்த அரசு அல்ல. நிலமானியம் பெற்று, போர் என்றால் ஆள் திரட்டிக்கொண்டு வரும் சேர்வைக்காரர்களும் அம்பலகாரர்களும் பாளையக்காரர்களும்தான் அதன் தூண்கள். அவர்களில் பெரும்பாலோர் அரண்மனையோடு கொள்வினை கொடுப்பினை உள்ளவர்கள். கிளை இல்லாத ஒருவனை அரியணையில் உட்கார வைத்தால், அவர்களுக்கும் அரியணைக்கும் இடையிலுள்ள உறவுக் கயிறு அறுந்துவிடும். தலைவர்கள் ஒழுக்கம் பற்றிக் கவலைப்பட்டதாக நான் நினைக்கவில்லை. மன்னர் எத்தனை பெண்களை வைத்திருந்தார் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மன்னரின் ஆசை அந்தப்புரத்துக்குள் இருக்கும்வரை அவர் பாடு. அரியணையை அது தொட்டால் எங்கள் பாடு என்பதுதான் அவர்கள் நிலை.

இதே கிழவனின் இன்னொரு திருமணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் துலங்கும். கதலி நாச்சியார் கள்ளர் குலத்துப் பெண். அவரும் செம்பிநாட்டு மறவர் அல்ல. ஆனால் அவருக்கு ஒரு சகோதரன் இருந்தான்: ரகுநாதத் தொண்டைமான், வாள்வலிமை உள்ளவன், ஆள்கட்டு உள்ளவன். அந்தத் தொண்டைமானைக் கிழவன் சேதுபதி புதுக்கோட்டைச் சீமைக்கு அதிபதியாக்கினார். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தொடக்கம் அது. 1948 வரை நீடித்த ஓர் அரச மரபு, சேதுபதியின் வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து கிளம்பியது. குலம் வேறாக இருந்தும் கதலிக்குப் பெயர் இருக்கிறது, நாச்சியார் பட்டம் இருக்கிறது, வரலாற்றில் ஒரு மூலை இருக்கிறது. அரண்மனையில் ஒரு பெண்ணின் இடத்தை மன்னரின் அன்பு தீர்மானிப்பதாகக் கதைகள் சொல்லும். இந்த இரண்டு பெண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தீர்மானித்தது பிறந்த வீட்டின் பலம்தான்.

இதற்கு முன்பே ஒருமுறை சேது நாடு இந்த வழியில் ரத்தம் சிந்தியிருந்தது. கூத்தன் சேதுபதி 1635 அளவில் இறந்தபோது தளவாய் சேதுபதி என்ற இரண்டாம் சடைக்கன் பட்டமேறினார். கூத்தனின் மகனான தம்பித் தேவர், தாய்வழி சரியில்லை என்று ஒதுக்கப்பட்டவர். அவர் மதுரைக்குப் போய்த் திருமலை நாயக்கரிடம் முறையிட்டார். நாயக்கருக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. தளபதி ராமப்பையன் தலைமையில் பெரும்படை சேது நாட்டுக்குள் இறங்கியது. சடைக்கன் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியில் ராமேசுவரம் தீவுக்குள் போனார். ராமப்பையன் விடவில்லை, பாம்பன் கால்வாயைக் கடக்க வழி போட்டு, தீவுக்கே போய்ப் போர் நடத்தினான். இராமப்பையன் அம்மானை என்ற கதைப்பாடல் இந்தப் போரைத்தான் பாடுகிறது. சடைக்கனின் மருமகன் வன்னியன் அதில் பெரிய வீரன். தம்பித் தேவரின் தாயைத் தேடினால் அங்கும் கிடைக்க மாட்டாள்.

சடைக்கன் சிறைபிடிக்கப்பட்டு மதுரை போனார், தம்பித் தேவர் அரியணை ஏறினார். ஏறியவரால் ஆள முடியவில்லை. மறவர் தலைவர்கள் அவரை ஏற்கவில்லை; நாட்டில் கலகம், சேது யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு வழித்துணை இல்லை. நாயக்கரே மனம் மாறிச் சடைக்கனை விடுவித்து அனுப்ப வேண்டியதாயிற்று. 1645இல் தம்பித் தேவர் சடைக்கனைக் கொன்றார். திருமலை நாயக்கர் நாட்டை மூன்றாகப் பங்கிட்டுத் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பங்கீடு நெடுநாள் நிற்கவில்லை. கிழவனுக்கு முந்திய இன்னொரு ரகுநாத சேதுபதியின் கையில் நாடு மறுபடி ஒன்றானது. ஆனாலும் பாடம் பதிந்திருக்க வேண்டும். 1710இல் பவானி சங்கரனை மறுத்த தலைவர்களின் நினைவில் தம்பித் தேவர் இருந்திருப்பார். அவர்களின் பாட்டன்மார் பட்ட பாடு அது.

இந்த இடத்தில் பிரான்சுக்கு ஒரு நடை போய் வரலாம். லா வல்லியேரின் இடத்தைப் பிடித்தவர் மதாம் தெ மோந்தெஸ்பான். அரசகுலத்துக்கு அடுத்த படியில் உள்ள பழம்பெரும் குடும்பம். அறிவும் நாவன்மையும் உள்ளவர். அவருக்கு மன்னனிடம் பல பிள்ளைகள் பிறந்தன. 1673இல் லூயி அவர்களைத் தன் பிள்ளைகள் என்று சட்டப்படி அறிவித்தார். அந்த ஆவணத்தில் தாயின் பெயர் இல்லை. மோந்தெஸ்பான் ஏற்கெனவே இன்னொருவரின் மனைவி. பெயரை எழுதினால் அந்தக் கணவர் பிள்ளைகள் மீது உரிமை கோரலாம், திருச்சபையும் முகம் சுளிக்கும். எனவே உலகின் மிகப் பகட்டான அரசவையில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெண், தன் பிள்ளைகளை ஏற்ற ஆவணத்தில் காணாமல் போனாள். லா வல்லியேர் மணமாகாதவர். அவருடைய மகளை மன்னன் ஏற்றபோது தாயின் பெயரும் சேர்ந்தே இருந்தது. 1707இல் மோந்தெஸ்பான் இறந்தபோது அவர் பெற்ற பிள்ளைகள் துக்க உடை உடுத்தக்கூட அனுமதி இல்லை. சட்டப்படி அவர்களுக்குத் தாய் என்று ஒருவர் இல்லையே!

லூயி அங்கேயும் நிற்கவில்லை. பட்டத்துக்குரிய வாரிசுகள் அடுத்தடுத்து இறந்துபோகவே, 1714 ஜூலையில் மோந்தெஸ்பானின் இரண்டு மகன்களுக்கும் அரியணையேறும் தகுதி உண்டு என்று ஆணை பிறப்பித்தார். கிழவன் சேதுபதிக்கு முடியாதது பதினான்காம் லூயிக்கு முடிந்தது போலத் தோன்றியது. தோற்றம்தான். 1715 செப்டம்பர் 1ஆம் தேதி லூயி இறந்தார். 1717 ஜூலையில் அந்த ஆணை ரத்தானது. அடுத்த ஆண்டே மூத்த மகன் மேன் பிரபு, சதிவழக்கில் கைதாகிச் சிறைக்குப் போனார். வெர்சாய் மாளிகைக்கும் இராமநாதபுரம் கோட்டைக்கும் பகட்டில் மலையளவு வித்தியாசம். மன்னனின் விருப்பத்தை மீறிப் பெரிய குடும்பங்கள் ஒன்றுகூடி, வெளிப்பெண்ணின் மகனை வெளியே நிறுத்தியதில் வித்தியாசம் இல்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பிரான்சில் ஆசைநாயகிக்கு நிலமும் பட்டமும் ஓய்வூதியமும் கிடைத்தன, விலக்கப்பட்டால் போய்ச் சேர ஒரு மடம் இருந்தது. சேது நாட்டில் அந்தக் குழி இருந்தது.

சேது நாட்டு அரண்மனைப் பெண்களில் ஒருத்தி மட்டும் மௌனமாக இருக்க மறுத்திருக்கிறாள். அவள் ஆசைநாயகி அல்ல. கிழவன் சேதுபதியின் அண்ணன் தம்பி அக்காள் தங்கை வழியில் மகள் முறையாக வேண்டியவள். அரியணைக்கு உரிமை கொண்டாடக்கூடிய குடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவருடைய மனைவியரில் இளையவள். தடியத் தேவர் நோயிலிருந்து பிழைத்துக் கிறித்தவம் தழுவ விரும்பினார். போர்ச்சுகலில் பிறந்து, அரசகுமாரனின் தோழனாய் லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்து, தமிழகத்தில் அருளானந்தர் என்று பெயர் பெற்ற ஜான் தெ பிரிட்டோ ஒரு நிபந்தனை வைத்தார்: ஒரு மனைவிதான் இருக்கலாம். தேவர் மூத்தவளை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரி 6ஆம் நாள் ஞானஸ்நானம். விலக்கப்பட்ட இளையவள் நேரே சேதுபதியிடம் போனாள். இரண்டு நாளில் பாதிரியார் கைதானார். பிப்ரவரி 4ஆம் தேதி பாம்பாற்றங்கரை ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது.

அருளானந்தர் 1947இல் புனிதர் பட்டம் பெற்றார். ஓரியூர் இன்று பெரிய திருத்தலம். அங்குள்ள செம்மணலை அவர் ரத்தம் தோய்ந்தது என்று பக்தியோடு எடுத்துப் போகிறார்கள். விவிலியத்தில் திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாளோடு இந்தப் பெண்ணை வைத்துப் பேசுவது நெடுநாள் வழக்கம். யோவான், ஜான் என்ற பெயர்ப் பொருத்தமும் கதைப் பொருத்தமும் அப்படி அமைந்துவிட்டன. எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. ஏரோதியாள் முறையற்ற உறவில் இருந்தவள். இவள் ஊர்கூட்டி, முறைப்படி, மன்னர் வீட்டுப் பெண்ணாக மணமுடித்துக் கொடுக்கப்பட்டவள். ஒரு காலையில், அவள் சம்மதம் கேட்காமல், அவள் அறியாத ஒரு மதத்தின் சட்டப்படி அவள் மனைவி இல்லை என்று ஆகிறது. மூத்தவள் மட்டும் மனைவி என்றால் இவள் என்ன? அதுவரை காமக்கிழத்தியைப் பார்த்து நாச்சியார்கள் நினைத்துக் கொண்டிருந்த இடத்தில் அவளே நிற்க வேண்டியதாயிற்று. ஒரு புனிதரின் சாவுக்கு அவள் காரணமானாள் என்பது உண்மை. வெட்டச் சொன்னது அவள் அல்ல என்பதும் உண்மை. அரியணைக்குப் போட்டியாக வரக்கூடிய தடியத் தேவர் புதிய மதத்தில் சேர்ந்து ஆதரவு திரட்டுவதைக் கிழவன் சேதுபதி எப்படிப் பார்த்திருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். அவருக்குக் காரணம் இருந்தது; அவள் வாய்ப்பைக் கொடுத்தாள்.

அவளால் முறையிட முடிந்ததற்கும் காரணம் பிறந்த வீடுதான். தடியத் தேவர் விலக்கிய மற்ற மனைவியரின் குரல் எங்கும் பதிவாகவில்லை. அவர்களுக்குச் சேதுபதி பெரியப்பா முறையோ மாமா முறையோ இல்லை.

பவானி சங்கரனுக்கு வருவோம். ஒதுக்கப்பட்டவன் ஓய்ந்துவிடவில்லை. தஞ்சை மராத்திய அரசு வடக்கே காத்திருந்தது. அறந்தாங்கிப் பக்கத்து எல்லையில் இரு நாட்டுக்கும் ஓயாத சண்டை. விஜய ரகுநாதர் இறந்தபின் தண்டத் தேவர் பட்டமேற, பவானி சங்கரன் தஞ்சையின் துணையோடு வந்தான். பாம்பாற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தைத் தஞ்சைக்குத் தருவதாக வாக்கு. தண்டத் தேவருக்கு மதுரையும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் ஆதரவு. தொண்டைமான் நின்ற பக்கத்தைக் கவனிக்க வேண்டும். சேதுபதிக்குப் பெண் கொடுத்ததால் உயர்ந்த வீடு, சேதுபதி வெளியில் வைத்திருந்த பெண்ணின் மகனுக்கு எதிராகப் படை அனுப்பியது. தஞ்சைப் படை வென்றது. தண்டத் தேவர் கொல்லப்பட்டார். 1725ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெயரில்லாத அந்தத் தாயின் மகன் சேதுபதி ஆனான்.

ஆண்டது மூன்று நான்கு வருடம். தம்பித் தேவருக்கு வந்த அதே சிக்கல்: அரியணை கிடைத்தது, அதைத் தாங்கும் தோள்கள் கிடைக்கவில்லை. தஞ்சைக்குச் சொன்ன வாக்கையும் அவன் காப்பாற்றவில்லை. உள்நாட்டில் நாலுகோட்டைப் பாளையத்துச் சசிவர்ணத் தேவரோடு மோதினான். சசிவர்ணர், விஜய ரகுநாத சேதுபதியின் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரை மணந்தவர், சேதுபதியின் மாப்பிள்ளை. அவருடைய பாளையத்தைப் பவானி சங்கரன் பறித்தான். ஒரு மாப்பிள்ளையைத் துரத்தினால் அவருக்குப் பெண் கொடுத்த வீடும், அந்த வீட்டுக்குச் சம்பந்தமான வீடுகளும் பகையாகும் என்பது கிளைக்குள் வளர்ந்தவனுக்குச் சொல்லாமலே தெரியும். காளையார்கோயில் காட்டுக்குள் போன சசிவர்ணர் தஞ்சைக்குச் சென்று புலியோடு பொருதி அரசரின் மனத்தை வென்றதாகச் சிவகங்கை மரபு ரசித்துச் சொல்கிறது. புலி இருந்ததோ இல்லையோ, பழைய வாக்கு நிறைவேறாத கோபம் தஞ்சை அரண்மனையில் நிச்சயம் இருந்தது. கொல்லப்பட்ட தண்டத் தேவரின் உறவினர் கட்டயத் தேவரும் அங்கே வந்து சேர்ந்தார். ஓரியூர் அருகே நடந்ததாகச் சொல்லப்படும் போரில் பவானி சங்கரன் தோற்றுப் பிடிபட்டு, தஞ்சைக்குக் கொண்டு போகப்பட்டான். அவனை அரியணை ஏற்றிய அதே தஞ்சைதான் இறக்கியது.

வென்றவர்கள் நாட்டை ஐந்து கூறு போட்டார்கள். மூன்று கூறு கட்டயத் தேவருக்கு, இராமநாதபுரம். இரண்டு கூறு சசிவர்ணருக்கு, சிவகங்கை. பாம்பாற்றின் வடபுறத்தைத் தஞ்சை எடுத்துக்கொண்டது. 1730ஐ ஒட்டி நடந்த இந்தப் பங்கீட்டோடு ஒன்றுபட்ட சேது நாட்டின் கதை முடிகிறது. வேலு நாச்சியாரும் மருது சகோதரர்களும் பிறகு வருகிறார்கள்; அவர்களுக்கு ஓர் அரசு இருந்தது என்றால் அதன் பத்திரத்தில் முதல் வரி பவானி சங்கரன் தோல்வி. 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது சிவகங்கை தனி மாவட்டமானது. இன்று பேருந்தில் அந்த எல்லையைக் கடக்கிறவர்களுக்கு, அரண்மனை ஏற்காத ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து தொடங்கிய வழக்கு அது என்று சொல்ல அங்கே ஒரு பலகையும் இல்லை.

இராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் இருக்கும் இராமலிங்க விலாசத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காலத்தின் முகம் கண்ணில் நிற்கும். சுவர்ச் சித்திரங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தவை, பவானி சங்கரனை முந்திப் பட்டம் பெற்ற விஜய ரகுநாதரின் அவையைச் சேர்ந்தவை. கீழே பெரிய கூடத்தில் ராமாயணமும் பாகவதமும், தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும், ஐரோப்பியர்கள் சேதுபதியைக் காண வருவதும். தொப்பியும் கால்சட்டையுமாக அவர்கள் நிற்க, சேதுபதி பட்டாடையிலும் நகையிலும் இருக்கிறார். மேல்மாடத்தில் உலகம் மாறுகிறது. அங்கே மன்னர் பெண்களின் நடுவில்: இசை கேட்கிறார், நீராடுகிறார், களித்திருக்கிறார். மெல்லிய சேலை, கொண்டைப்பூ, பக்கவாட்டில் திரும்பிய முகத்தில் நீண்ட கண். ஒருத்தியின் கண்ணுக்கும் அடுத்தவளின் கண்ணுக்கும் வித்தியாசம் காண முடியாது. பெண்ணுடல்களைப் பின்னிச் சேர்த்தே யானையும் குதிரையும் வரைந்து, அவற்றின்மேல் மன்மதனையும் ரதியையும் ஏற்றியிருக்கிறார்கள். ஓவியனின் கைத்திறன் வியக்க வைக்கிறது. ஒருத்தி தும்பிக்கையாகிறாள், ஒருத்தி காலாகிறாள். கலை வரலாற்றாளர்கள் இதை ஒரு மரபு என்பார்கள். இந்தியாவின் பல பகுதிகளில் இப்படி வரைந்திருக்கிறார்கள். மரபுதான். இந்த அரண்மனையில், இந்த அறையில் அதைப் பார்க்கும்போது மரபு என்று சொல்லிக் கடந்து போக மனம் வரவில்லை.

முறையாக மணந்த பெண்களுக்கும் இந்தக் கரையில் வாழ்வு சுகமாக இருந்துவிடவில்லை. பாம்பனிலிருந்து ராமேசுவரம் போகும் வழியில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற இரண்டு ஊர்கள். சேதுபதியின் இரு மகள்கள் ஒரே கணவனுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். தீவின் அதிகாரத்தில் இருந்த அந்த மருமகன் யாத்திரிகர்களிடம் படகுக்குக் காசு வசூலித்ததற்காக மாமனாரே மரண தண்டனை கொடுத்தார். அக்காளும் தங்கையும் தனித்தனி இடத்தில் தீப்பாய்ந்தார்கள். அவர்கள் நினைவாக எழுந்த மடங்கள்தாம் ஊர்களாயின என்று வட்டாரத்தில் சொல்வார்கள். விஜய ரகுநாத சேதுபதியின் நீதிக்குச் சான்றாகத்தான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். மகள்களின் பக்கத்திலிருந்து அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தஞ்சையில் வேறு விதமாக நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே துக்கோஜிக்கு உரிமை மனைவி வயிற்றில் பிறக்காத மகன் பிரதாபசிம்மன் 1739இல் அரசனாகி 24 ஆண்டுகள் ஆண்டான். அவன் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் ராதிகா சாந்தவனம் எழுதினாள். தன் தாயையும் பாட்டியையும் பெயர் சொல்லியே அறிமுகப்படுத்தினாள். தஞ்சை மராத்தியருக்குப் படைபலம் வேறு, ஆதாரம் வேறு. ஊர்தோறும் உள்ள ஒரு குலத்தின் கிளைக்கணக்கில் அவர்கள் அரியணை மாட்டிக்கொண்டிருக்கவில்லை. நாயக்கர், மராத்தியர் போல வெளியிலிருந்து வந்த அரசுகள் இந்த விஷயத்தில் சற்று இளகியிருக்க முடிந்தது. மண்ணோடு ஒட்டிய அரசுக்கு அந்த வசதி இல்லை. சேதுபதியின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

பெண்களின் பெயர்கள் இந்தச் சீமையில் தொடர்ச்சியாகத் தாளில் ஏறத் தொடங்கியது கும்பினி வந்து ஜமீன்தாரி முறை நிலைத்த பிறகு. அரியணைச் சண்டை ஓரியூர் வெளியிலிருந்து மதுரை கோர்ட்டுக்கு மாறியது. சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829இல் இறந்தார். அவருக்கு ஏழு மனைவியர். யார் மூத்தவள், யார் மகள், யார் பங்கு என்று ஒரு தலைமுறையே வழக்காடித் தீர்ந்தது. 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவர் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்து வாரிசுச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் வழக்கு அது. கோர்ட்டுக்குப் பெயர் இல்லாமல் மனு கொடுக்க முடியாது. யாரையும் ஒருத்தி என்று சொல்லி நிறுத்த முடியாது.

1869இல் பிரிவி கவுன்சிலுக்கு இன்னொரு வழக்கு வந்தது. தென்தமிழகத்து மறவர் ஜமீன்தார் ஒருவர் வெள்ளாளப் பெண்ணை மணந்திருந்தார். குலம் வேறு என்பதால் அது திருமணமே அல்ல, அதில் வந்த வாரிசு வாரிசே அல்ல என்பது எதிர்த்தரப்பு வாதம். 1710இல் இராமநாதபுரம் தலைவர்கள் சொன்ன அதே வாதம். சூத்திர வருணத்துக்குள் உட்பிரிவு வேறாக இருப்பது திருமணத்தைச் செல்லாததாக்காது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். வருணம் என்ற அளவுகோலை வைத்து அவர்கள் சொன்ன காரணம் மறவர் தலைவர்களுக்கு விளங்கியிருக்குமா என்பது சந்தேகம். கிளை, கொத்து பற்றிய பேச்சே அந்தக் காரணத்தில் இல்லை. திருமணம் செல்லும் என்று ஆனது. அதற்குள் பவானி சங்கரன் தஞ்சைக்குக் கைதியாகப் போய் 140 ஆண்டுகள் ஆகியிருந்தன. சேதுபதிகளுக்கு நாடு இல்லை. ஜமீன் மட்டும் இருந்தது.